களப்பணி நோட்டில் படம் வரைவது ஆய்வாகுமா? (தாராவி வீடுகள், மும்பை)

செல்வராணி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தாராவியில் வீட்டுக்குள்ளேயே தொழில் நடத்தும் தமிழ்க் குடும்பங்கள்தான் என் களம். இப்போதைக்கு இட்லி அவித்து விற்கிற வீடுகள். பெரும்பாலும் பத்துக்குப் பத்து கோலி (ஒற்றை அறை), ஒரு மூலையில் மோரி (கழுவுமிடம்), மேலே ஒரு மாலா (பரண்தளம்). விடியற்காலம் மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். வெளுக்கும் முன்பே டப்பாக்கள் சைக்கிளில் ஏறிவிடும். எட்டு மணிக்கு அதே தரையில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவார்கள்.

நான் அங்கே உட்கார்ந்து வரைகிறேன். கேமராவை எடுத்தால் சந்து முழுக்க விறைத்துப் போகிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். யார், எதை, எதற்காகப் படம் பிடிக்கிறார்கள் என்று அவர்கள் பயப்படுவது நியாயம். நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தால் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள்.

போன வாரம் ஒரு கருத்தரங்கில் இந்தப் படங்களைக் காட்டினேன். ஒரு மூத்த ஆசிரியர், "படமெல்லாம் அழகா இருக்கும்மா, தரவு எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுமுறை அத்தியாயத்தில் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும். வரைதலை மானுடவியலில் யார் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? வரைந்ததை எப்படி ஆராய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாஹிம்வாசி | திங்கள், இரவு 10.15

ஒரு சந்தேகம். போனில் ஒரு நிமிஷத்தில் ஐம்பது போட்டோ எடுக்கலாம், வீடியோவும் எடுக்கலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைகிற படத்தில் அதைவிடக் குறைவான தகவல்தானே இருக்கும்? மக்கள் பயப்படுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அது போட்டோ எடுக்க முடியாததற்கான காரணம். வரைவது ஆய்வுமுறையாகிவிடுமா?

கோட்டுநோட்டு | செவ்வாய், காலை 7.05

செல்வராணி, மாஹிம்வாசி கேட்டதுதான் சரியான கேள்வி. உங்கள் அத்தியாயத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். நான் செம்பூரில் இருக்கிறேன். கல்லூரியில் பல வருஷம் மானுடவியல் பாடம் எடுத்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைதல் இந்தத் துறைக்குப் புதுசு இல்லை. 1898இல் மானுடவியலாளர் ஹாடன் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழு ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே தோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனபோது சினிமா கேமராவும் கொண்டுபோனார்கள், நோட்டில் வரையவும் செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ரிவர்ஸ்தான் வம்சவழியைக் கேட்டுப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கியவர். பிறகு அவரே நீலகிரிக்கு வந்து தோடர்களோடு வேலை செய்தார். 1906இல் வந்த அவர் நூலில் தோடர் குடும்பங்களின் வம்சவழி அட்டவணைகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இன்றைக்கும் உறவுமுறையை முக்கோணம், வட்டம், இரட்டைக்கோடு போட்டுத்தான் சொல்லித்தருகிறோம். அதுவும் வரைபடம்தான். யாரும் அதைப் பார்த்துத் தரவு எங்கே என்று கேட்பதில்லை. கையால் வரைந்த அடுப்பையும் அண்டாவையும் பார்த்தால்தான் அந்தக் கேள்வி வருகிறது.

நடுவில் ஒரு காலத்தில் கேமரா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டது. மானுடவியலாளர்கள் பேட்சனும் மார்கரெட் மீடும் 1936 முதல் 1939 வரை பாலித் தீவில் சுமார் 25,000 புகைப்படங்கள் எடுத்தார்கள். அதற்குப் பிறகு களப்பணியில் படம் என்றாலே புகைப்படம் என்றாகிவிட்டது. ஆனால் அதே மீட், அதற்கு முன்னால் 1928-29இல் நியூ கினிப் பக்கம் மானுஸ் தீவில் செய்ததை மறந்துவிடுகிறோம். அங்கே பென்சிலே பிடித்தறியாத பிள்ளைகளிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்த்தார். குழந்தைகள் இயல்பிலேயே எல்லாப் பொருளிலும் உயிரையும் ஆவியையும் காண்பார்கள் என்று அந்நாளில் நம்பப்பட்டது. மானுஸ் பிள்ளைகள் வரைந்தவை மனிதர்கள், படகுகள், கண்ணால் கண்ட காரியங்கள். ஆவிகளைப் பற்றிப் பெரியவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 1932இல் மீட் எழுதிய கட்டுரைக்கு இந்தப் படங்களே முக்கியமான சான்று. "படத்தில் தரவு எங்கே" என்று கேட்டவருக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

நம் காலத்துக்கு வருவோம். மானுடவியலாளர் மைக்கேல் டாஸிக் 2006இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் டாக்ஸியில் போகிறார். நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதை வாயிலில் ஒரு பெண், ஒரு மனிதனை நைலான் சாக்குக்குள் வைத்துத் தைப்பதுபோல் கண்ணில் பட்டு மறைகிறது. அதை நோட்டில் வரைந்து, தான் இதைக் கண்டது சத்தியம் என்று பக்கத்திலேயே எழுதிவைக்கிறார். 2011இல் அந்த ஒரு படத்தைச் சுற்றியே ஒரு நூல் எழுதினார். சட்டென்று நழுவிப்போன காட்சிக்கு வரைந்தவர் தாமே சாட்சி நிற்கிறார். புகைப்படத்தில் அந்தப் பொறுப்பு இயந்திரத்துக்குப் போய்விடுகிறது.

சுமத்ராவில் பட்டாக் மரச்சிற்பிகளோடு களப்பணி செய்த ஆண்ட்ரூ காசி, வரையத் தெரியாத மானுடவியலாளர்களுக்கென்றே 2017இல் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். ரியோ டி ஜெனீரோவில் மானுடவியலாளர் கரினா குஷ்னிர் மாணவர்களுக்கு வரைதலைக் களப்பணியின் பகுதியாகவே கற்றுத்தருகிறார். பிரிட்டிஷ் மானுடவியலாளர் டிம் இங்கோல்ட், கோடு என்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே சிந்தனைப் பள்ளி இல்லை. ஆனால் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: வரையும்போதுதான் பார்வை நடக்கிறது.

இப்போது மாஹிம்வாசிக்குப் பதில். வரைபடத்தில் தகவல் குறைவு என்பது உண்மை. அந்தக் குறைவுதான் வேலையைச் செய்கிறது. கேமராவின் காட்சிச் சட்டகத்துக்குள் இருப்பதெல்லாம் நீங்கள் கேட்காமலே வந்துவிழும். வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அண்டாவின் கைப்பிடி எந்தப் பக்கம்? ரப்பர் குழாய் எங்கிருந்து வருகிறது? அந்தத் துணி எதில் கட்டியிருக்கிறது? கோடு போட முடியாத இடத்தில்தான் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று தெரியவருகிறது. எழுத்துக் குறிப்பில் "ஒரு மூலையில் பாத்திரங்கள்" என்று எழுதித் தப்பித்துவிடலாம். பென்சிலோடு அப்படித் தப்பிக்க முடியாது.

தொண்ணூறடி_ரோடு | செவ்வாய், மதியம் 1.30

நான் பொறந்து வளந்தது தாராவிலதான். எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தோல் வேலைக்கு வந்தவங்க. படிச்சவங்க பேசுறதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிடுதேன்.

எங்க சந்துக்கு டேப்பு, மிஷின், பைல் எல்லாம் கொண்டு எத்தனையோ பேரு வந்திருக்காவ. கதவுல நம்பர் போடுவாவ, அளப்பாவ, போயிருவாவ. எங்க அம்மாகிட்ட, "இந்த அம்மிக்கல்லு ஏன் வாசல்ல கெடக்கு"ன்னு ஒருத்தரும் கேட்டது கெடையாது. ஒரு தடவ காலேஜ் பிள்ளை ஒண்ணு வந்து அந்த அம்மிய வரைஞ்சா. அம்மா அவளுக்கு டீ போட்டுக் குடுத்து, கல்லு யார் கொண்டாந்தது, ரயில்ல எப்படி ஏத்துனாவ, எந்த மழைக்கு எங்க தூக்கி வச்சோம்னு சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாவ. எனக்கே அதுல பாதி அன்னைக்குத்தான் தெரியும்.

தங்கச்சி, நீங்க செய்யுதது நல்ல காரியம். ஆனா மாலாவ வரையும்போது ரொம்பக் கவனமா இருங்க. ஏன்னு தெரியும்தானே? 1.1.2000க்கு முன்னால இருந்து தரைத்தளத்துல குடியிருக்கவங்களுக்குத்தான் இங்கயே 350 சதுர அடி வீடு இலவசம்னு சொல்லுதாவ. மேல்மாடியில இருக்கவங்களுக்குக் கணக்கே வேற, வெளிய எங்கயோ வாடகை வீட்டுத் திட்டம். ஒரு வீட்டுல மேல யாரு, கீழ யாருன்னு நீங்க போடுத ஒரு கோடு, நாளைக்கு யாரு கையில காயிதமாப் போய்ச் சேரும்னு யோசிச்சு வரைங்க.

செல்வராணி | செவ்வாய், மதியம் 2.10

அண்ணா, ரொம்ப நன்றி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டை அடையாளம் காட்டும் எதையும் நான் வரைவதில்லை. கதவு எண், சந்து, பக்கத்துக் கோயில் எதுவுமே கிடையாது. ஆனால் மாலாவைப் பற்றி நீங்கள் சொன்னதைத் தனியாக யோசிக்க வேண்டும். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

பழஞ்சுவடி | செவ்வாய், மாலை 5.45

எல்லோரும் வரைதலைப் புகழ்வதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நான் ஆவணக் காப்பகங்களில் வேலை செய்கிறவன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக ஆல்பம் ஆல்பமாக வரைந்து கொடுத்தார்கள். பக்கத்துக்கு ஒரு தம்பதி. புருஷன் கையில் தொழிற்கருவி, பெண்டாட்டி கையில் கூடையோ குடமோ. கீழே சாதிப் பெயர். பின்னணி பெரும்பாலும் வெறுமைதான், வீடு கிடையாது, வேலை நடக்கிற இடம் கிடையாது. கண்ணைப் பறிக்கும் வண்ணம். ஆனால் அந்த இரண்டு பேரும் மனிதர்கள் இல்லை, மாதிரிகள். காலின் மெக்கன்சி 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனார். அவருடைய சேகரத்திலும் இப்படி ஏராளமான வரைபடங்கள் உண்டு. பிற்காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வரைபடம், அளவுகோல், புகைப்படம் மூன்றும் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்தன.

எனவே பென்சில் மென்மையானது, கேமரா வன்மையானது என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. தாராவியில் வசிக்கும் ஒரு குடும்பத்தை அழகான கோட்டில் வரைந்து பக்கத்தில் "இட்லிக்காரர் வீடு" என்று எழுதினால், அது தஞ்சாவூர் ஆல்பத்தின் இன்னொரு பக்கம்தான்.

கோட்டுநோட்டு | செவ்வாய், இரவு 8.20

பழஞ்சுவடி, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். இந்த வரலாறு செல்வராணியின் அத்தியாயத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஆல்பங்களில் கோளாறு எங்கே என்று பார்ப்போம். தம்பதியை அவர்கள் இருந்த இடத்திலிருந்து வெட்டி வெள்ளைத்தாளில் நிறுத்தினார்கள். எங்கே, எப்போது, எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் துடைக்கப்பட்டது. வரையப்பட்டவர்களுக்கு அந்தப் படம் திரும்பக் காட்டப்பட்டதும் இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று உண்டு. எழுத்தாளர் கிப்ளிங்கின் அப்பா லாக்வுட் கிப்ளிங், 1865இல் இங்கே ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். 1870இல் அரசு அவரை வட இந்தியாவுக்கு அனுப்பிக் கைவினைஞர்கள் வேலை செய்வதை வரையச் சொன்னது. அவரும் ஆட்சியின் ஆள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பென்சில் படங்களில் உடம்பு வேலையில் குனிந்திருக்கிறது. கால் எதை மிதிக்கிறது, கை எதைப் பிடிக்கிறது, கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று படித்தெடுக்கலாம். அதே காலனி ஆட்சி, ஆனால் வேறு விதமான கவனம். கேட்க வேண்டிய கேள்வி பென்சிலா கேமராவா என்பதில்லை. படம் ஆளை வகைக்குள் அடைக்கிறதா, நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைப் பின்தொடர்கிறதா? அதைத்தான் கேட்க வேண்டும்.

பானைஓடு | செவ்வாய், இரவு 9.00

தொல்லியலில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது மகன் வீட்டில், முலுண்டில் இருக்கிறேன். தரவு எங்கே என்று கேட்ட ஆசிரியரிடம் ஏதாவது ஓர் அகழாய்வு அறிக்கையைப் புரட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல கேமரா வந்தும் உடைந்த பானை ஓடுகளை இன்னும் கையால் அல்லது கணினியில் வரைகிறோம். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் வெளித்தோற்றம், மறுபக்கம் வெட்டுத்தோற்றம். உடைந்த விளிம்புத் துண்டை வட்டங்கள் போட்ட தாளில் வைத்து முழுப்பானையின் வாயகலத்தைக் கணிக்கிறோம். அந்தப் பானையை அப்படிப் பாதியாக வெட்டி யாரும் கண்ணால் பார்த்ததில்லை. போட்டோவில் அது விழாது. வரைந்தால்தான் இரண்டு ஊர்ப் பானைகளின் விளிம்பை ஒப்பிட முடியும். எங்களுக்கு வரைவதும் ஆராய்வதும் தனித்தனி வேலை இல்லை.

ஒரு யோசனை. நீங்களும் வீட்டை வெட்டுத்தோற்றமாக வரையுங்கள். ஒரு சுவரை எடுத்துவிட்டு, தரையிலிருந்து மாலா வரை மேலும் கீழும் ஒரே தாளில் வரட்டும்.

செல்வராணி | செவ்வாய், இரவு 11.50

பானைஓடு ஐயா, மிகவும் நன்றி. நான் செய்துகொண்டிருப்பது ஏறக்குறைய அதுதான். அதற்கு இப்படி ஒரு முன்மரபு இருப்பது தெரியாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு முதலில் ஒரு அடித்தாள்: சுவர், கதவு, மோரி, மாலாவுக்கு ஏறும் இரும்பு ஏணி. இவை மட்டும்தான் நகராதவை. அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து, ஒரே வீட்டை வெவ்வேறு நேரத்தில் வரைகிறேன். அடுப்பு எரிகிற விடியற்காலம், பிள்ளைகள் கிளம்பும் காலை, ஆள் குறைந்த மதியம், எல்லோரும் படுத்த பிறகு. கடைசியை நான் இருந்து பார்க்க முடியாது. அவர்கள் சொல்லச் சொல்ல மறுநாள் வரைவேன், அதை வேறு நிற மையில் வரைந்து குறித்துவிடுவேன்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டில் பாட்டி எப்போதும் கதவோரம்தான். காலையில் அங்கே உட்கார்ந்து சட்னிக்குத் தேங்காய் துருவுகிறார். மதியம் அங்கேயே உளுந்து புடைக்கிறார். இரவில் அங்கேயே படுக்கிறார். மற்ற எல்லோரும் நாள் முழுக்க இடம் மாறுகிறார்கள். அவருடைய உருவம் மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கருமையாகக் குவிந்திருந்தது. நான் எழுதிய குறிப்புகளில் இது ஒரு இடத்திலும் இல்லை. நேர்காணலில், "பாட்டி எங்கே படுப்பாங்க?" என்று கேட்டிருந்தேன், "இங்கதான்" என்று பதிலும் வாங்கியிருந்தேன். அந்த வீட்டு அக்காவிடம் தாள்களைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு மணிக்கு மாவு வண்டிக்காரன் தட்டுவான். அத்தைதான் திறக்கணும். வேற யாரு அங்க படுத்தாலும் தூங்கிப்போயிருவோம்" என்றார். அரவை மில்லிலிருந்து வரும் மாவைக் கதவு திறந்து வாங்குவதுதான் அந்த வீட்டுத் தொழிலின் முதல் வேலை. அதைச் செய்கிறவர் பெயர், "வீட்டில் யாரெல்லாம் வேலை செய்கிறார்கள்?" என்ற என் கேள்விக்கு வந்த பதிலில் இல்லை. அக்காவே சேர்த்துச் சொல்லவில்லை. பாட்டியும் சொல்லவில்லை.

மாலாவைப் பற்றி. அந்த வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கிறான். என் அடித்தாளில் மாலாவை வெறும் கோடாக விட்டிருந்தேன். அவன் பென்சிலை வாங்கி, அந்தக் கோட்டுக்கு மேலே வீட்டளவுக்கு ஒரு அறை வரைந்தான். விளக்கு, புத்தக அடுக்கு, காற்றாடி, சுவரில் கிரிக்கெட் வீரர் படம் எல்லாம் போட்டான். நிமிர்ந்து உட்கார்ந்தாலே தலை இடிக்கிற இடம் அது. அளவுப்படி பார்த்தால் அவன் வரைந்தது பொருந்தாது. ஆனால் இந்த ஆய்வில் அதைவிட முக்கியமான தாள் என்னிடம் இல்லை. அதை நான் திருத்தப்போவதில்லை.

மாட்டுங்கா_வசந்தா | புதன், காலை 6.20

காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து இதைப் படித்தேன். அதனால் என் பங்குக்கு ஒன்று.

பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுக்கூட்டத்தில் மலெகுலா என்ற தீவில் மணலில் விரலை எடுக்காமல் படம் வரைவார்கள். பெர்னார்ட் டீக்கன் என்ற இளைஞர் அங்கே போய் அவற்றைப் பதிவுசெய்தார். 1927இல் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். அவர் நோட்டுகளை கமில்லா வெட்ஜ்வுட் ஒழுங்குபடுத்தி 1934இல் வெளியிட்டார். டீக்கன் முடிந்த படத்தை மட்டும் குறித்துக்கொண்டு வரவில்லை. விரல் எங்கே தொடங்கி எந்த வரிசையில் எப்படித் திரும்பிப் போனது என்பதையும் குறித்திருக்கிறார். பல பத்தாண்டுகள் கழித்து மார்சியா ஆஷர் என்ற கணித அறிஞர், அந்த மக்கள் ஒரே கோட்டில் வரைவதற்குக் கையாண்ட விதிகளை அதிலிருந்துதான் கண்டுபிடித்தார். முடிந்த படத்தைப் போட்டோ எடுத்து வந்திருந்தால் அந்த வரிசை அவர் கைக்கு வந்திருக்காது. அதே மலெகுலா வட்டாரத்தில் களப்பணி செய்த ஜான் லேயர்ட் 1937இல் நம் கோலத்தையும் பச்சைகுத்தலையும் பற்றி எழுதியிருக்கிறார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் எழுபதுகளில் கோலத்துக்கு இலக்கணமே எழுதினார்கள். கணினி அறிவியலில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

சிக்குக்கோலம் தெரிந்தவர்களுக்குப் புரியும். முடிந்த கோலத்தை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கை போகிறபடி நம் கையும் போனால்தான் வரும். செல்வராணி, அந்த வீட்டு வேலைகளையும் வரிசை எண் போட்டு வரைந்து பாருங்கள். எந்தப் பொருள் முதலில் நகர்கிறது, அது நகர்ந்த பிறகுதான் எது நகர முடியும் என்று.

மாஹிம்வாசி | புதன், காலை 9.30

பாட்டி விஷயம் என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டது. வீடியோ எடுத்திருந்தாலும் அதைக் கண்டிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீடியோவில் நாம் அசைகிறவர்களைத்தான் பார்ப்போம்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நீங்கள் வரைந்தது சரி என்று இன்னொருவர் எப்படிச் சோதிப்பார்? போட்டோவில் பொய் சொல்வது கஷ்டம். படத்தில் எதையும் சேர்க்கலாம், விடலாம்.

கோட்டுநோட்டு | புதன், மதியம் 12.40

எழுத்துக் குறிப்பிலும் எதையும் சேர்க்கலாம், விடலாம். அதை நம்ப எந்த ஒழுங்கு இருக்கிறதோ அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். நான் மாணவர்களிடம் வற்புறுத்தியவை: ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீங்கள் உட்கார்ந்த இடம். கண்ணால் பார்த்து வரைந்தது, நினைவிலிருந்து வரைந்தது, பிறர் சொல்லி வரைந்தது மூன்றும் பிரித்து அறியும்படி இருக்க வேண்டும். செல்வராணி மை நிறத்தில் அதைத்தான் செய்கிறார். வேண்டுமென்றே விட்டவற்றையும் எழுதுங்கள். ரப்பரால் அழிக்காதீர்கள். யாராவது, "அது அங்க இல்ல" என்று சொன்னால் பழைய கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுக் கோடு போட்டு, சொன்னது யார் என்று குறியுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் பல நேரம் ஆய்வு. அதை அழித்தால் படம் சுத்தமாகும், ஆராய ஒன்றும் இருக்காது.

எல்லாத் தாளையும் உடனே ஸ்கேன் செய்து வேறு இடத்திலும் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, கர்நாடகத்தின் ராம்புரா கிராமத்தைப் பற்றி அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் தீயில் எரிந்துபோயின. அவர் நினைவிலிருந்தே எழுதி 1976இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அந்த நினைவாற்றல் அமையாது.

இன்னொன்று, மும்பையில் ஆய்வு செய்கிறவர் என்பதால் சொல்கிறேன். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் சமூகவியல் துறையைத் தொடங்கியவர் ஸ்காட்லாந்து நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ். தாளை மடித்து மடித்துக் கட்டங்களாக்கி, அதில் வரைந்து சிந்தித்தவர். அதற்கு முன் 1914-15இல் சென்னை மாகாண ஊர்களில் தெருத் தெருவாக நடந்து வீடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். தெருவை அகலப்படுத்துகிறோம் என்று வரிசையாக இடித்துத் தள்ளும் திட்டங்களுக்குப் பதிலாக, மிகச் சில வீடுகளை மட்டும் தொட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்று ஊர் ஊராகக் காட்டினார். நடந்து, நின்று, பார்த்து வரைந்தவருக்குத்தான் எந்த வீட்டைத் தொடக்கூடாது என்று தெரியும். தாராவியைப் பற்றிய ஆய்வில் இந்தப் பெயர் வராமல் இருக்கக்கூடாது.

பழஞ்சுவடி | புதன், மாலை 4.15

செல்வராணியின் முறையில் என் ஆட்சேபத்துக்குப் பாதிப் பதில் இருக்கிறது. தாள்களைத் திரும்பக் கொண்டுபோய் அந்த அக்காவிடம் காட்டியதும், அவர் சொன்னதால் பொருள் மாறியதும்தான் அந்தப் பாதி. எண்பதுகளின் கடைசியில் கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸும் இந்தியாவில் அவரோடு வேலை செய்தவர்களும் கிராமத்து மக்களையே தரையில் பொடியாலும் விதையாலும் ஊர் வரைபடம் போடவைத்தார்கள். அங்கே வெளியாள் நின்று பார்க்கிறவராக ஆனார். அந்த மரபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலும் யார் பொடியை எடுத்தார்கள், யார் பின்னால் நின்றார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. நீங்களும் கேளுங்கள். பையன் பென்சிலை வாங்கினான். பாட்டி வாங்கினாரா?

செல்வராணி | புதன், இரவு 10.05

வாங்கவில்லை. நானும் கொடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த முறை பென்சிலுக்குப் பதில் கோலமாவோடு தரையில் கேட்டுப் பார்க்கிறேன். வசந்தா அக்கா சொன்னது மனதில் இருக்கிறது.

தொண்ணூறடி அண்ணா சொன்ன விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆய்வேட்டில் எந்த ஒரு வீட்டின் மேல்தளத்தையும் உள்ளபடி அச்சிடமாட்டேன். பல வீடுகளைக் கலந்து வரைந்த ஒரு வெட்டுத்தோற்றம் மட்டும் போகும், அது கலவை என்று படத்தின் கீழேயே எழுதுவேன். மூலத் தாள்களை அந்தந்த வீட்டுக்கே ஒரு பிரதி கொடுத்துவிட்டு, என்னிடம் இருப்பதைப் பூட்டி வைப்பேன்.

ஆனால் பையன் வரைந்த மாலாவை என்ன செய்வது? அதைக் கலக்க முடியாது, அது அவனுடையது. பெயர் போட்டால் வீடு தெரிந்துவிடும். போடாவிட்டால் அவன் வேலையை நான் எடுத்துக்கொண்டதுபோல் ஆகும்.

தொண்ணூறடி_ரோடு | புதன், இரவு 10.40

அவன் அம்மாவயும் பாட்டியவும் உக்கார வச்சுக்கிட்டு அவன்கிட்டயே கேளுங்க தங்கச்சி. வேணாம்னா அச்சுல போடாதீங்க. சரின்னா அவனே வேற ஒரு பேரு வச்சுக்கிடட்டும், அந்தப் பேருல போடுங்க. வயசுப் பையன், நல்ல பேராத்தான் வைப்பான். ஆனா காயிதத்துல "மாலா"ன்னு எழுதாதீங்க. "என் அறை"ன்னு அவன் என்ன எழுதுதானோ அதையே விடுங்க.

பானைஓடு | வியாழன், காலை 8.10

டிரேசிங் தாள் ஈரக்காற்றில் நெளிந்து அளவு மாறும், அதுவும் மும்பை மழையில் கேட்கவே வேண்டாம். அளவு மாறினால் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் ஒப்பீடு போய்விடும். பாலியஸ்டர் வரைதாள் வாங்குங்கள், விலை கூடுதல்தான். நான்கு மூலையிலும் அடித்தாளோடு பொருந்துகிற கூட்டல் குறி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுத்தோற்றம் தயாரானதும் இங்கே போடுங்கள், கோட்டின் தடிமனைப் பார்த்துச் சொல்கிறேன்.